பழைய மென்பொருள்களையும் கணினி விளையாட்டுகளையும் பேணுதல்

மென்பொருள் பேணுதல் என்பது, வழக்கொழிந்த கணினிகளுக்காக எழுதப்பட்ட நிரல்களையும் விளையாட்டுகளையும் அழியுமுன் நகலெடுத்து, அவற்றை இன்றைய கணினியிலும் இயங்கச் செய்து, பின்வரும் தலைமுறையினரிடம் ஒப்படைக்கும் பணியாகும். வைரசுகளிடமிருந்து கணினியைக் காக்கும் 'மென்பொருள் பாதுகாப்பு' வேறு, இது வேறு. நூலகம் நூல்களுக்கும் அருங்காட்சியகம் சிற்பங்களுக்கும் செய்யும் பணியை இது மென்பொருளுக்குச் செய்கிறது.

ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. நூலை அலமாரியில் வைத்துவிட்டால், கரையானும் ஈரமும் அண்டாதவரை அது நூலாகவே இருக்கும். மென்பொருளை அப்படி வைத்துவிட முடியாது. அது பதிந்திருக்கும் வட்டு, அதைப் படிக்கும் கருவி, அதை இயக்கும் கணினி, அதைப் பயன்படுத்தத் தெரிந்த மனிதர் ஆகிய நான்கும் இருந்தால்தான் அது மென்பொருள். நான்கில் ஒன்று போனாலும் மிஞ்சுவது வெறும் பிளாஸ்டிக் தகடு. இந்த நான்கையும் எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பாடம் சொன்ன ஒரு நிகழ்வு: டோம்ஸ்டே திட்டம்

இங்கிலாந்தை வென்ற முதலாம் வில்லியம் மன்னன் 1086ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நிலம், கால்நடை, குடிமக்கள் பற்றிய கணக்கெடுப்பு ஒன்றை நடத்தினான். தோல் ஏடுகளில் எழுதப்பட்ட அந்தப் பதிவேடு 'டோம்ஸ்டே புத்தகம்' எனப்படுகிறது. அதன் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986ஆம் ஆண்டில் பிபிசி நிறுவனம் ஒரு புதிய டோம்ஸ்டே பதிவேட்டை உருவாக்கியது. சுமார் பத்து லட்சம் பேர் அதில் பங்கேற்றனர். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். தங்கள் ஊரின் படங்கள், வரைபடங்கள், அன்றாட வாழ்வைப் பற்றிய குறிப்புகள் ஆகியவற்றை அவர்கள் எழுதி அனுப்பினார்கள். ஏறத்தாழ 25 லட்சம் பவுண்டு செலவானது.

இவை அனைத்தும் சிறப்பு வகை லேசர் வட்டுகளில் பதியப்பட்டன. அவற்றைப் பார்க்க, பிபிசி மாஸ்டர் என்னும் கணினியும் அதற்கென்றே தயாரிக்கப்பட்ட வட்டு இயக்கியும் தேவை. இரண்டும் சேர்ந்து பல ஆயிரம் பவுண்டு விலை. அதனால், எழுதி அனுப்பிய பள்ளிகள் பலவற்றால்கூட அதை வாங்க முடியவில்லை. அந்த வகைக் கணினியும் விரைவில் சந்தையிலிருந்து மறைந்தது.

2002ஆம் ஆண்டு வாக்கில், ஓடும் நிலையில் இருந்த வட்டு இயக்கிகளைத் தேடிப்பிடிக்க வேண்டியதாயிற்று. 900 ஆண்டுப் பழைய தோல் ஏட்டை இலண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் படிக்கலாம். 16 ஆண்டுப் பழைய லேசர் வட்டைப் படிக்க ஆய்வாளர் குழு தேவைப்பட்டது. பிரிட்டனின் லீட்ஸ் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் இணைந்து நடத்திய 'காமிலியான்' என்னும் ஆய்வுத் திட்டம், பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் ஒன்றை உருவாக்கி அந்தப் பதிவேட்டை மீண்டும் இயக்கிக் காட்டியது. பின்னர் 2011ஆம் ஆண்டில் பிபிசி அதன் ஒரு பகுதியை இணையத்தில் வெளியிட்டது.

வட்டுகள் கெட்டுவிடவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பதிந்த தகவல் அப்படியே இருந்தது. அதைப் படிக்கும் வழிதான் அடைபட்டுப்போனது. வட்டெழுத்துக் கல்வெட்டு கண்முன்னே இருந்தும், அதைப் படிக்கத் தெரிந்தவர் இல்லாவிட்டால் அது வெறும் கல்தானே!

மென்பொருள் எவ்வாறு அழிகிறது?

மென்பொருள் அழிவதற்கு முதன்மையான காரணங்கள் ஐந்து.

முதலாவது, ஊடகம் சிதைதல். நெகிழ்வட்டு என்னும் பிளாப்பியில் தகவல் காந்தப் புள்ளிகளாகப் பதிந்துள்ளது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தக் காந்தத்தன்மை குறையும். நம்மைப் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் தகட்டின்மீது பூஞ்சை படரும். குறுந்தகட்டின் ஒளி எதிரொளிக்கும் மெல்லிய படலமும் நாளடைவில் அரிக்கப்படலாம்.

இரண்டாவது, கருவி மறைதல். 1980களில் பரவலாக இருந்த ஐந்தேகால் அங்குல நெகிழ்வட்டு இயக்கியை இன்றைய கடைகளில் காண முடியாது. சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் போன்ற வீட்டுக் கணினிகளுக்கு நிரல்கள் சாதாரண ஒலிநாடாக்களில் விற்கப்பட்டன. நாடா இயக்கியும் அந்தக் கணினியும் சேர்ந்திருந்தால்தான் நிரல் உயிர்பெறும்.

மூன்றாவது, திட்டமிட்ட பூட்டு. திருட்டு நகலைத் தடுக்க நிறுவனங்கள் வைத்த பூட்டுகளே பிற்காலத்தில் மென்பொருளுக்கு எமனாயின. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1990களில் காசு போட்டு ஆடும் விளையாட்டு இயந்திரங்களுக்காகச் செய்த சிபிஎஸ்-2 என்னும் மின்பலகையில், விளையாட்டின் நிரல் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருந்தது. அதைத் திறக்கும் சாவி, ஒரு சிறிய மின்கலத்தின் துணையுடன் நினைவகத்தில் நின்றது. மின்கலம் தீர்ந்தால் சாவி அழியும். விளையாட்டும் அத்துடன் நின்றுவிடும். இதனால் ஆர்வலர்கள் அதற்குத் 'தற்கொலை மின்கலம்' என்றே பெயர் வைத்தார்கள்.

நான்காவது, துணை மென்பொருள் நின்றுபோதல். அடோபி நிறுவனத்தின் பிளாஷ் நுட்பத்தில் ஆயிரக்கணக்கான இணைய விளையாட்டுகளும் அசைபடங்களும் கல்விப் பாடங்களும் உருவாக்கப்பட்டிருந்தன. 2020 டிசம்பர் 31 அன்று அந்நிறுவனம் பிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது. உலாவிகள் அதைக் கைவிட்டதும் அந்தப் பக்கங்கள் வெற்றுச் சட்டங்களாயின.

ஐந்தாவது, வழங்கி மூடப்படுதல். தற்காலத்து விளையாட்டுகள் பல, நிறுவனத்தின் வழங்கிக் கணினியோடு தொடர்பில் இருந்தால்தான் இயங்கும். யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ' என்னும் கார்ப்பந்தய விளையாட்டின் வழங்கிகள் 2024 மார்ச் மாத இறுதியில் நிறுத்தப்பட்டன. காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதன்பின் அதை ஆட முடியவில்லை. வாங்கியவரிடம் வட்டு இருக்கிறது, இயக்கும் கருவியும் இருக்கிறது, ஆனால் விளையாட்டு இல்லை.

முதற்படி: நகலெடுத்தல்

பழைய வட்டிலிருந்து தகவலை ஒரு கோப்பாக எடுப்பதே முதல் வேலை. வட்டில் உள்ள தனித்தனிக் கோப்புகளை மட்டும் எடுத்தால் போதாது. வட்டின் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு துணுக்கும் விடாமல் எடுக்க வேண்டும். இப்படி எடுத்த கோப்புக்கு வட்டுப் படிமம் என்று பெயர்.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். மூன்றரை அங்குல நெகிழ்வட்டுக்கு இரண்டு பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் 80 தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் 18 பகுதிகள். ஒவ்வொரு பகுதியிலும் 512 பைட்டுகள். எனவே 2 × 80 × 18 × 512 = 14,74,560 பைட்டுகள். இதைத்தான் '1.44 மெகாபைட்டு' என்று அட்டையில் அச்சிட்டார்கள். அந்த வட்டிலிருந்து எடுக்கும் படிமமும் சரியாக 14,74,560 பைட்டு இருக்கும். இன்றைய கைப்பேசி எடுக்கும் ஒரே ஒளிப்படத்துக்குக்கூட அந்த இடம் போதாது. அத்தனை சிறிய இடத்தில் அன்று ஒரு முழுச் சொற்செயலியே அடங்கியது.

நகல் எடுப்பதைத் தடுக்கச் சில நிறுவனங்கள் வேண்டுமென்றே வட்டின் சில பகுதிகளை ஒழுங்கற்ற முறையில் பதிவு செய்தன. சாதாரண இயக்கி அவற்றைப் 'பிழை' என்று ஒதுக்கிவிடும். ஆனால் விளையாட்டு தொடங்கும்போது அந்தப் பிழை இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால்தான் ஓடும். இத்தகைய வட்டுகளுக்காக, பைட்டுகளாக மாற்றுவதற்கு முன்பே காந்தப் புலம் மாறும் கணங்களை அப்படியே அளந்து பதியும் கருவிகள் உருவாயின. கிரையோஃபிளக்ஸ், கிரீஸ்வீசல் ஆகியவை அவற்றுள் அடங்கும். வட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு எப்படி எழுதியிருக்கிறது என்பதையும் இவை பதிவு செய்கின்றன.

எடுத்த நகல் பிற்காலத்தில் மாறவில்லை என்பதை எப்படி உறுதி செய்வது? இதற்குச் சரிபார்ப்பு எண் பயன்படுகிறது. கோப்பிலுள்ள பைட்டுகள் அனைத்தையும் ஒரு கணித முறைக்குள் செலுத்தினால் ஒரு நீண்ட எண் கிடைக்கும். அது அந்தக் கோப்பின் கைரேகை போன்றது. கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் எண் முற்றிலும் மாறிவிடும். ஆவணகங்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இந்த எண்ணைக் கணக்கிட்டு, பழைய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன.

ஓலைச்சுவடிகளை நம் முன்னோர் காத்ததும் நகலெடுத்துத்தான். ஓலை நெடுங்காலம் தாங்காது என்பதால் ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினார்கள். பெயர்த்தெழுதும்போது பிழை புகும். அதனால் பல பிரதிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்தார்கள். கணினி நகலில் பிழை புகுந்ததா என்பதைச் சரிபார்ப்பு எண் உடனே சொல்லிவிடும். ஆனால், மீண்டும் மீண்டும் புதிய ஊடகத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற கடமை மட்டும் மாறவில்லை.

இரண்டாம் படி: எமுலேட்டர்

நகல் எடுத்தாயிற்று. அதை எதில் இயக்குவது? பழைய கணினிகளையே பழுதுபார்த்து வைத்திருக்கலாம். அருங்காட்சியகங்கள் அதையும் செய்கின்றன. ஆனால் உதிரிப் பாகங்கள் என்றென்றும் கிடைக்கப்போவதில்லை. எனவே பழைய கணினியின் நடத்தையை அப்படியே நடித்துக் காட்டும் ஒரு மென்பொருளைப் புதிய கணினியில் எழுதுகிறார்கள். அதுவே எமுலேட்டர். தமிழில் 'போலச்செய்யும் மென்பொருள்' எனலாம்.

இது விளையாட்டு ஆர்வலர்களின் கண்டுபிடிப்பு அன்று. ஐபிஎம் நிறுவனம் 1964ஆம் ஆண்டில் சிஸ்டம்/360 என்னும் புதிய கணினி வரிசையை அறிவித்தது. அலுவலகங்களோ பழைய 1401 வகைக் கணினிக்காக எழுதிய நிரல்களைக் கைவிடத் தயாராக இல்லை. அந்த நிரல்கள் புதிய கணினியிலும் ஓடுவதற்காக ஐபிஎம் பொறியாளர்கள் செய்த ஏற்பாட்டுக்கே எமுலேட்டர் என்ற பெயர் முதலில் வழங்கியது.

எமுலேட்டர் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஆப்பிள் 2, பிபிசி மைக்ரோ போன்ற கணினிகளில் 6502 என்னும் நுண்செயலி இருந்தது. அதற்குப் புரியும் கட்டளைகள் வெறும் எண்கள். பின்வரும் எண் வரிசையைப் பாருங்கள்:

169, 5, 24, 105, 3, 141, 0, 2

இதில் 169 என்றால் 'அடுத்து வரும் எண்ணைக் கையில் எடு' என்று பொருள். எனவே செயலி 5ஐ எடுத்துக்கொள்கிறது. 24 என்றால் 'பழைய கணக்கின் மீதியை அழி'. 105 என்றால் 'அடுத்து வரும் எண்ணைக் கூட்டு'. 5உடன் 3 சேர்ந்து 8 ஆகிறது. 141 என்றால் 'கையில் இருப்பதை நினைவகத்தில் வை'. அடுத்துள்ள 0, 2 ஆகிய இரண்டும் முகவரியைக் குறிக்கின்றன: 0 + (2 × 256) = 512. ஆக, நினைவகத்தின் 512ஆம் அறையில் 8 என்ற விடை போய் அமர்கிறது.

இன்றைய கணினியின் செயலிக்கு இந்த எண்களின் பொருள் தெரியாது. எமுலேட்டர் இடையில் நின்று, ஓர் எண்ணைப் படித்து, '6502 என்றால் இப்போது என்ன செய்திருக்கும்?' என்று தன் அட்டவணையில் பார்த்து, அதையே தன் நினைவகத்தில் செய்கிறது. பிறகு அடுத்த எண். பழைய செயலி ஒரு நொடிக்குச் சில லட்சம் கட்டளைகளை நிறைவேற்றியது. இன்றைய செயலிகள் அதைவிடப் பன்மடங்கு விரைவானவை என்பதால் இந்த இடைநிலை வேலையைச் செய்தும் நேரம் மிஞ்சுகிறது.

மிஞ்சும் நேரமே ஒரு சிக்கலாகவும் ஆகும். அக்காலத்து நிரலாளர்கள் கணினியின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டு விளையாட்டை அமைத்தார்கள். வேகமான கணினியில் ஓடவிட்டால் எதிரியின் விண்கலம் கண்ணிமைப்பதற்குள் வந்து மோதிவிடும். 1980களின் இறுதியிலும் 1990களிலும் வந்த பல கணினிகளின் முகப்பில் இருந்த 'டர்போ' பொத்தான், பழைய நிரல்களுக்காக வேகத்தைக் குறைக்கவே பயன்பட்டது. எனவே நல்ல எமுலேட்டர் சரியான விடையைத் தந்தால் மட்டும் போதாது. சரியான நேரத்திலும் தர வேண்டும். செயலி, திரை, ஒலிச் சில்லு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று தாளம் தப்பாமல் ஓட வேண்டும்.

புகழ்பெற்ற எமுலேட்டர்கள் சில வருமாறு:

மேம்: இத்தாலியைச் சேர்ந்த நிக்கோலா சல்மோரியா 1997ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்டது. காசு போட்டு ஆடும் விளையாட்டு இயந்திரங்களுக்கானது. பழைய இயந்திரங்கள் எவ்வாறு இயங்கின என்பதை ஆவணப்படுத்துவதே இதன் நோக்கம் என்றும், விளையாட முடிவது அதன் துணைப்பயன் என்றும் இத்திட்டத்தினர் கூறுகின்றனர்.

டாஸ்பாக்ஸ்: 2002ஆம் ஆண்டு முதல் வெளிவருகிறது. டாஸ் இயங்குதளத்துக்காக எழுதப்பட்ட நிரல்களை இன்றைய கணினிகளில் இயக்குகிறது.

ரஃபில்: பிளாஷ் கோப்புகளை, அடோபியின் மென்பொருள் இல்லாமலேயே இன்றைய உலாவியில் இயக்குகிறது.

மூன்றாம் படி: இணைய ஆவணகங்கள்

எமுலேட்டரை நிறுவி, அமைத்து, படிமத்தை ஏற்றி இயக்குவது எல்லோருக்கும் எளிதன்று. அதை எளிதாக்கியது இணைய ஆவணகம். அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் புரூஸ்டர் கால் என்பவர் 1996ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினார். இணையப் பக்கங்களைச் சேமிப்பதில் தொடங்கிய இந்த இலாப நோக்கற்ற அமைப்பு, இன்று நூல்கள், ஒலிப்பதிவுகள், திரைப்படங்கள், மென்பொருள்கள் ஆகியவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறது. அதன் மென்பொருள் தொகுப்பை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஜேசன் ஸ்காட்.

2013ஆம் ஆண்டில் இந்த ஆவணகம் பழைய மென்பொருள்களை உலாவிக்குள்ளேயே இயக்கிக் காட்டியது. சி மொழியில் எழுதப்பட்ட எமுலேட்டரை, உலாவிக்குப் புரியும் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு எம்ஸ்கிரிப்டன் என்னும் கருவி மாற்றித் தந்ததால் இது கைகூடியது. பயனர் எதையும் நிறுவ வேண்டியதில்லை. பக்கத்தைத் திறந்து பொத்தானை அழுத்தினால் போதும். 2014 நவம்பரில் சுமார் 900 ஆர்கேடு விளையாட்டுகளும், 2015 ஜனவரியில் சுமார் 2,400 டாஸ் விளையாட்டுகளும் இவ்வாறு வெளியாயின. 2020 நவம்பரில் பிளாஷ் படைப்புகளும் சேர்ந்தன.

அங்கிருப்பவை விளையாட்டுகள் மட்டும் அல்ல. 1979ஆம் ஆண்டில் டான் பிரிக்லின், பாப் பிராங்ஸ்டன் ஆகியோர் ஆப்பிள் 2 கணினிக்காக உருவாக்கிய விசிகால்க் என்னும் விரிதாள் மென்பொருளையும் அங்கே இயக்கிப் பார்க்கலாம். இன்று அலுவலகங்கள் எல்லாவற்றிலும் பயன்படும் விரிதாள்களுக்கு அதுவே முன்னோடி. வணிகவியல் மாணவர் ஒருவர் அதில் நான்கு எண்களைக் கூட்டிப் பார்த்தால், இன்றைய விரிதாளில் எது அன்றே இருந்தது, எது பின்னர் வந்தது என்பது தானாகப் புலப்படும். புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் அந்தத் தெளிவு கிடைப்பது அரிது.

பிற அமைப்புகளும் தத்தம் வழியில் இப்பணியைச் செய்கின்றன. பிளாஷ்பாயின்ட் என்னும் தன்னார்வத் திட்டம் இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைய விளையாட்டுகளைத் திரட்டியுள்ளது. பிரான்சில் 2016ஆம் ஆண்டு தொடங்கிய 'மென்பொருள் மரபுரிமை' என்னும் அமைப்பு, யுனெஸ்கோவின் ஆதரவுடன் உலகெங்கும் வெளியான மூல நிரல்களைச் சேகரிக்கிறது.

ஆவணகங்களும் ஆபத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. 2024 அக்டோபரில் இணைய ஆவணகம் தாக்குதலுக்கு உள்ளாகிப் பல நாள்கள் முடங்கியது. ஒரே இடத்தை நம்பியிருப்பது சரியன்று என்பதை அது உணர்த்தியது.

மூல நிரலின் மதிப்பு

இயங்கும் நிரல் சமைத்த உணவு என்றால், மூல நிரல் அதன் செய்முறைக் குறிப்பு. நிரலாளர் என்ன நினைத்து எழுதினார் என்பது மூல நிரலில்தான் தெரியும். வணிக நிறுவனங்கள் அதை இரகசியமாக வைத்திருந்ததால், காலப்போக்கில் அவர்களிடமே அது காணாமற்போவதும் உண்டு.

'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' என்னும் புகழ்பெற்ற விளையாட்டை ஜோர்டான் மெக்னர் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதி 1989ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன் மூல நிரல் தொலைந்துபோயிற்று என்றே அவர் பல ஆண்டுகள் எண்ணியிருந்தார். 2012ஆம் ஆண்டில் அவருடைய தந்தை வீட்டு அலமாரியைத் துப்புரவு செய்தபோது ஒரு பெட்டியில் அந்த நெகிழ்வட்டுகள் அகப்பட்டன. மேலே குறிப்பிட்ட ஜேசன் ஸ்காட்டும் ஆப்பிள் 2 வல்லுநர் டோனி டயசும் பழைய கருவிகளோடு வந்து தகவலை மீட்டனர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகியும் வட்டுகள் படிக்கக்கூடிய நிலையில் இருந்தது நற்பேறு. மீட்ட நிரலை மெக்னர் அனைவரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிட்டார்.

கலிபோர்னியாவின் மவுன்டன் வியூ நகரிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம், உரிமையாளர்களின் இசைவோடு பல மூல நிரல்களை வெளியிட்டிருக்கிறது. 2010இல் மேக்பெயின்ட், 2013இல் ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பு, 2014இல் மைக்ரோசாஃப்டின் எம்எஸ்-டாஸ் தொடக்கப் பதிப்புகள் ஆகியவை அவற்றுள் சில. நிறுவனங்கள் மனம் வைத்தால் எவ்வளவு எளிதாக இது நடக்கும் என்பதற்கு இவை சான்று.

பதிப்புரிமைச் சிக்கல்

தொழில்நுட்பத் தடைகளைவிடச் சட்டத் தடைகளே இன்று பெரியவை. எமுலேட்டர் எழுதுவது பொதுவாகக் குற்றமன்று. சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் கருவியைப் போலச்செய்யும் மென்பொருளை உருவாக்கிய கனெக்டிக்ஸ் நிறுவனத்தின்மீது சோனி தொடுத்த வழக்கில், அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் கனெக்டிக்சுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் எமுலேட்டரில் ஓடும் விளையாட்டுக்கு உரிமையாளர் உண்டு. அதை இசைவின்றி நகலெடுத்துப் பரப்புவது பதிப்புரிமை மீறலாகும்.

இங்குதான் சிக்கல். காணொளி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை என்னும் அமெரிக்க அமைப்பு 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, 2010ஆம் ஆண்டுக்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடைகளில் கிடைப்பதில்லை. உரிமையாளர் விற்பதும் இல்லை, பிறர் கொடுக்கவும் கூடாது. சிலவற்றுக்கு உரிமையாளர் யார் என்பதே தெரியாது. நிறுவனம் மூடப்பட்டு, விற்கப்பட்டு, மீண்டும் விற்கப்பட்டு உரிமைப் பத்திரம் எங்கோ கிடக்கும். நூலகங்கள் தம்மிடமுள்ள பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்தே இயக்கிப் பார்க்க அனுமதி கேட்டன. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் அதை மறுத்துவிட்டது. வீட்டிலிருந்தபடியே பலர் பொழுதுபோக்காக ஆடத் தொடங்கினால் தங்கள் சந்தை பாதிக்கும் என்பது விளையாட்டு நிறுவனங்களின் வாதம். அதை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. பழைய விளையாட்டுகளைப் புதுப்பித்து விற்கும் நிறுவனங்களும் உள்ளன. ஆனால் விற்கப்படாத எஞ்சியவற்றுக்கு அந்த வாதம் எந்த வழியும் காட்டவில்லை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. எழுதியவரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். எனவே 1980களில் எழுதப்பட்ட எந்த நிரலும் பொதுவுடைமையாக இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும். நெகிழ்வட்டு அதுவரை தாங்காது. அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறைப்படி நிரலை வைத்திருப்பவர் இழப்புக்கும் சேதத்துக்கும் எதிரான பாதுகாப்பாகக் காப்புநகல் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. 'கைவிடப்பட்ட மென்பொருள்' என்ற பெயரில் இணையத்தில் பலவும் உலவுகின்றன. அது வழக்குச் சொல்லே தவிர, சட்டத்தில் அப்படி ஒரு வகை இல்லை என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

தமிழ் மென்பொருள்கள்

தமிழுக்கும் இந்தச் சிக்கல் நேரடியானது. 1980களிலேயே தமிழில் தட்டச்சு செய்யும் மென்பொருள்கள் உருவாகிவிட்டன. கனடாவில் ஸ்ரீனிவாசன் உருவாக்கிய ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு ஆகியவை முன்னோடிகள். சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் அட்டையைக் கணினிக்குள் பொருத்தினால் டாஸ் திரையில் இந்திய மொழிகள் தோன்றின. அந்த அட்டையை நம்பி எழுதப்பட்ட நிரலுக்கு, அட்டை இல்லாவிட்டால் மொழியே இல்லை.

ஒருங்குறி பரவுவதற்கு முன் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென்று ஒரு குறியாக்கத்தை வைத்திருந்தது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் சிதறிக் கிடப்பதுதான் தெரியும். பாமினி பரவலாக இருந்ததால் அதை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் கிடைக்கின்றன. ஓர் அச்சகம் மட்டும் பயன்படுத்திய எழுத்துருவில் கோத்த நூலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எழுத்துருக் கோப்பும் அதன் விசைப்பலகை அட்டவணையும் கிடைத்தால்தான் அந்நூலின் கணினிப் பிரதியை மீட்க முடியும்.

இதற்கு நல்ல முன்மாதிரியும் நம்மிடம் உண்டு. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை மின்னுரைகளாக்கி வருகிறது. தொடக்க காலத்தில் டிஸ்கி எனப்படும் குறியாக்கத்தில் வெளியிட்ட நூல்களை, ஒருங்குறி நிலைபெற்றதும் அவர்கள் அதற்கு மாற்றினார்கள். மாற்றியதால்தான் இன்று கைப்பேசியிலும் அவற்றைப் படிக்கிறோம். ஒருமுறை ஏற்றியதோடு வேலை முடிந்தது என்று இருந்திருந்தால், அந்நூல்களுக்கும் டோம்ஸ்டே வட்டுகளின் கதி நேர்ந்திருக்கலாம்.

மாணவர்களும் பள்ளிகளும் செய்யக்கூடியவை

இந்தியப் பள்ளிகளில் கணினிக் கல்வியைத் தொடங்கிய 'கிளாஸ்' திட்டம் 1984ஆம் ஆண்டில் பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொண்டே நடந்தது. அக்காலத்து வட்டுகள் சில பள்ளிகளின் பழைய அலமாரிகளில் இன்றும் இருக்கக்கூடும். அத்தகைய பொருள் எதுவும் கையில் கிடைத்தால் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

1. கழிவுப் பொருளோடு சேர்த்துப் போடுவதற்கு முன், என்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதவும். வட்டின் ஒட்டுத்தாளில் உள்ள கையெழுத்தும் தகவலே. அதை ஒளிப்படம் எடுக்கவும்.

2. பூஞ்சை பிடித்த வட்டை அப்படியே இயக்கியில் நுழைக்கக் கூடாது. பூஞ்சை இயக்கியின் படிமுனையில் ஒட்டி, அடுத்து நுழைக்கும் வட்டுகளையும் கெடுக்கும்.

3. நகலெடுக்குமுன் வட்டின் எழுதுதடுப்பைப் போடவும். மூன்றரை அங்குல வட்டில் மூலையிலுள்ள சிறு சாளரம் திறந்திருந்தால் அதில் எழுத முடியாது.

4. முழு வட்டுப் படிமம் எடுத்து, சரிபார்ப்பு எண்ணைக் குறித்து, குறைந்தது இரண்டு இடங்களில் வைக்கவும்.

5. கையேடு, பெட்டி, விளம்பரத்தாள் ஆகியவற்றையும் சேர்த்து வைக்கவும். எந்த விசையை அழுத்தினால் நிரல் தொடங்கும் என்பது பெரும்பாலும் கையேட்டில்தான் இருக்கும்.

6. அந்த மென்பொருளைப் பயன்படுத்தியவர் இருந்தால், அவரிடம் கேட்டு எழுதி வைக்கவும். எந்த எமுலேட்டராலும் தர முடியாத செய்தி அது.

7. உரிமையாளர் தெரிந்தால் இசைவு கேட்ட பின்னரே இணையத்தில் ஏற்றவும். தெரியாவிட்டால் நகலைப் பேணி வைக்கலாம், பரப்ப வேண்டியதில்லை.

இவற்றுள் ஆறாவதற்கே அவகாசம் மிகக் குறைவு. வட்டைப் படிக்கும் கருவியை நாளை யாரேனும் புதிதாகச் செய்துவிடலாம். 1980களில் நிரல் எழுதியவர்களும் பயன்படுத்தியவர்களும் இன்று முதுமையை நெருங்கியிருக்கிறார்கள், சிலர் மறைந்தும் விட்டார்கள். அவர்கள் சொல்ல, கேட்டு எழுதிக்கொள்ள ஒரு குறிப்பேடும் பேனாவும் இருந்தால் போதும்.